மலையிறங்கும் முன் தொடங்க வேண்டிய சிகிச்சை

வட்டத் தலைநகரங்களில் நடைபெறும் குறைதீர் கூட்டங்களிலும், சட்டப்பேரவை உறுப்பினர்களிடம் அளிக்கப்படும் மனுக்களிலும் தவறாமல் இடம்பெறும் கோரிக்கைகளுள் ஒன்று, தங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு இதயநோய் சிறப்பு மருத்துவரை நியமிக்க வேண்டும் என்பது. நெஞ்சுவலியால் துடித்தவரை வாகனத்தில் ஏற்றி, நகரத்தை நோக்கி விரைந்து, பாதி வழியில் பறிகொடுத்த குடும்பம் இல்லாத சிற்றூர் இல்லை. ஆகவே, இந்தக் கோரிக்கையில் யாரும் குறைகாண முடியாது. ஆனால், அது நிறைவேறினால் அந்த உயிர்கள் காப்பாற்றப்படுமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியை நாம் இதுவரை போதிய அளவு கேட்கவில்லை.

இதயவியலில் டி.எம். பட்டம் பெற்ற ஒருவர் உருவாக எவ்வளவு காலம் ஆகிறது? இளநிலை மருத்துவப் படிப்புக்குப் பயிற்சிக் காலம் உள்பட ஐந்தரை ஆண்டுகள், பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டத்துக்கு 3 ஆண்டுகள், அதன் பிறகு இதயவியலுக்கு மேலும் 3 ஆண்டுகள். நுழைவுத் தேர்வுகளுக்காகக் கழியும் காலத்தைச் சேர்க்காமலேயே 11 ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. இத்தனை ஆண்டுகள் கற்றவரை ஒரு வட்ட மருத்துவமனையில் தனியாக அமர்த்தினால் அவர் என்ன செய்வார்? அவருடைய திறமையின் பெரும்பகுதி 'கேத் லேப்' எனப்படும் ஆஞ்சியோ ஆய்வகத்தில் இருக்கிறது. அந்த ஆய்வகத்துக்குப் பல கோடி ரூபாய் மதிப்புள்ள எக்ஸ்ரே கருவி வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியரும் தொழில்நுட்பரும் வேண்டும். தடையற்ற மின்சாரம் வேண்டும். இரவும் பகலும் அது இயங்க வேண்டுமானால் ஒருவர் போதாது, குறைந்தது மூன்று நான்கு நிபுணர்கள் முறைவைத்துப் பணிபுரிய வேண்டும். போதுமான எண்ணிக்கையில் நோயாளிகள் வராவிட்டால் அவர்களின் கைத்திறனும் மங்கிப்போகும். இவை எதுவும் இல்லாத இடத்தில், 11 ஆண்டுகள் படித்தவரிடமும் இருக்கப்போவது ஒரு ஸ்டெதஸ்கோப்பும் இசிஜி கருவியும்தான்.

கோவை மாவட்டத்தின் வால்பாறையை எடுத்துக்கொள்வோம். ஆனைமலைத் தொடரில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர். அங்கிருந்து பொள்ளாச்சி 64 கி.மீ.; இடையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சியிலிருந்து கோவை மேலும் 40 கி.மீ. யானைகள் சாலையைக் கடக்காமலும், மழையில் மண் சரியாமலும் இருந்தால், ஆம்புலன்ஸ் மலையிறங்கிக் கோவையை அடைய 3 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தோட்டக் குடியிருப்பிலிருந்து வால்பாறை அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும் நேரம் இந்தக் கணக்கில் இல்லை.

மாரடைப்பின் மிகக் கடுமையான வகையில், இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் ரத்தக் கட்டியால் முழுவதுமாக அடைபட்டுவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து இதயத் தசை சிறிது சிறிதாகச் சாகத் தொடங்குகிறது. அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் நீக்கி ஸ்டென்ட் பொருத்துவதே சிறந்த சிகிச்சை. ஆனால், நோயைக் கண்டறிந்த நேரத்திலிருந்து 120 நிமிடங்களுக்குள் அதைச் செய்ய இயலாது என்றால் காத்திருக்கக் கூடாது. கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தை, இருக்கும் இடத்திலேயே உடனே செலுத்திவிட வேண்டும். அதன் பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்துகொள்ளலாம். உலகெங்கும் ஏற்கப்பட்டுள்ள நெறிமுறை இது. 2013-இல் வெளியான 'ஸ்ட்ரீம்' என்னும் பன்னாட்டு ஆய்வு, வலி தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் வந்த, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய வாய்ப்பில்லாத 1,892 நோயாளிகளை இரு பிரிவாக ஆராய்ந்தது. வழியிலேயே ஊசி போடப்பட்டவர்களில் 12.4 சதவீதத்தினருக்கும், நேரடியாக ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்பப்பட்டவர்களில் 14.3 சதவீதத்தினருக்கும் 30 நாள்களுக்குள் மரணமோ கடும் பாதிப்போ நேர்ந்தது. அதாவது, முன்கூட்டியே போடப்பட்ட ஊசி ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பின்தங்கிவிடவில்லை. மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து மட்டும் ஊசி பெற்றவர்களிடம் சற்றே கூடுதலாக இருந்தது.

இதன் பொருள் தெளிவானது. வால்பாறையில் மாரடைப்புக்கு உள்ளாகும் ஒருவரின் உயிர், கோவையில் இருக்கும் நிபுணரின் கையில் இருப்பதைவிட, வால்பாறையில் அன்றிரவு பணியில் இருக்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவரின் கையில்தான் அதிகம் இருக்கிறது. அவர் 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுக்க வேண்டும்; அதைச் சரியாகப் படிக்க வேண்டும்; அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஊசியைச் செலுத்த வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்து நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது. விலையும் ஸ்டென்ட் சிகிச்சைக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத் தக்கதல்ல.

அப்படியானால் இது எல்லா இடங்களிலும் ஏன் இயல்பாக நடப்பதில்லை? மருந்து இல்லை, கருவி இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அது அச்சம். இரவு 2 மணி. படிப்பை முடித்துச் சில ஆண்டுகளே ஆன மருத்துவர். வெளியே இருபது முப்பது உறவினர்கள். இசிஜியில் தெரியும் மாற்றம் மாரடைப்புதானா என்பதில் சிறு ஐயம். ஊசியைச் செலுத்தி, நூற்றில் ஒருவருக்கு நேரக்கூடிய மூளை ரத்தக்கசிவு இவருக்கே நேர்ந்துவிட்டால், 'ஊசி போட்டுக் கொன்றுவிட்டார்கள்' என்ற கூக்குரல் எழும். அதுவே, 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால், நோயாளி இருபதாவது வளைவில் இறந்தாலும் மருத்துவரை யாரும் குறைகூற மாட்டார்கள். மருத்துவருக்கு மிகவும் பாதுகாப்பான அந்த ஒற்றை வரி, நோயாளிக்கு மிகவும் ஆபத்தானது. மருத்துவமனைகள் மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஆனால், சட்டம் இருப்பதனால் மட்டும் நள்ளிரவில் அந்த அறையில் துணிவு வந்துவிடுவதில்லை.

துணிவைத் தருவது, தொலைபேசியின் மறுமுனையில் இருந்து ஒரு நிபுணர், "இது மாரடைப்புதான், ஊசியைப் போடுங்கள், நான் இருக்கிறேன்" என்று சொல்லும் குரல். சிற்றூருக்கு இதய நிபுணர் தேவைதான். ஆனால், முதலில் தேவைப்படுவது அவரது குரலும், பொறுப்பில் அவர் ஏற்கும் பங்கும்.

இது புதிய கருத்தும் அல்ல, வெளிநாட்டிலிருந்து இரவல் பெற வேண்டியதும் அல்ல. தமிழ்நாட்டிலேயே செய்துபார்க்கப்பட்டது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று நடத்திய திட்டத்தில், கேத் லேப் உள்ள மருத்துவமனைகள் மையங்களாகவும், சிறிய மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் அவற்றோடு இணைந்த கிளைகளாகவும் 4 தொகுதிகளாக ஒருங்கிணைக்கப்பட்டன. கிளைகளின் எண்ணிக்கை 35. இசிஜி படம் மின்னணு முறையில் மையத்துக்குச் சென்றது; ஊசி கிளையிலேயே போடப்பட்டது; நோயாளி பின்னர் மையத்துக்கு மாற்றப்பட்டார். 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட இந்த ஆய்வின் முடிவுகள் 2017-இல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வெளியாயின. திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதம், திட்டத்துக்குப் பின் 14.2 சதவீதம். ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்களின் விகிதம் 35 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 61 சதவீதமாக உயர்ந்தது. முன்-பின் ஒப்பீட்டு ஆய்வு என்பதால் மாற்றம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. எனினும், ஊருக்கு ஊர் நிபுணரை நியமிக்காமலேயே இறப்பைக் குறைக்க இயலும் என்பதற்கு இதைவிட வலுவான உள்ளூர்ச் சான்று நம்மிடம் இல்லை. இந்த முறை பின்னர் அரசு மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டமும் இந்தத் திசையில் வைக்கப்பட்ட அடிதான். நெஞ்சுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8 என 14 மாத்திரைகள் உடனே வழங்கப்படுகின்றன. எளிமையான, செலவு குறைந்த, பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனால், மாத்திரைகள் புதிய கட்டி உருவாவதைத் தடுக்கவே உதவும். ஏற்கெனவே குழாயை அடைத்து நிற்கும் கட்டியைக் கரைக்கும் வேலையை அவை செய்யமாட்டா. 14 மாத்திரைகளை விழுங்கிவிட்டதாலேயே ஆபத்து நீங்கியது என்று நோயாளியோ, கடமை முடிந்தது என்று நிலையமோ கருதினால், திட்டத்தின் நோக்கமே பழுதாகிவிடும்.

இங்கே நிர்வாகத்தின் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்ககத்தின் கீழ் வருகிறது. வட்ட மருத்துவமனை, மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது. கேத் லேப் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ மருத்துவக் கல்வி இயக்ககத்தின் பொறுப்பு. மாரடைப்பு நோயாளி ஒரே இரவில் மூன்று இயக்ககங்களைக் கடக்கிறார். முதல் இடத்தில் மாத்திரை கொடுக்கப்பட்டதும், இரண்டாம் இடத்தில் ஊசி போடப்பட்டதும் போடப்படாததும், மூன்றாம் இடத்தில் அவர் பிழைத்ததும் பிழைக்காததும் ஒரே கணக்கில் பதிவானால்தான் தாமதம் எங்கே நேர்ந்தது என்பது புலப்படும். மகப்பேறு மரணத்துக்குத் தமிழ்நாட்டில் அத்தகைய தணிக்கை உண்டு. ஒரு தாய் இறந்தால் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தத் தவறால் என்று விசாரிக்கிறார்கள். அந்த வழக்கம் பல்லாயிரம் தாய்மார்களைக் காத்திருக்கிறது. மலைப்பாதையில் இறக்கும் ஐம்பது வயதுத் தோட்டத் தொழிலாளியின் மரணத்துக்கும் அதே விசாரணை ஏன் இருக்கக் கூடாது?

தாமதத்தின் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, நம் வீடுகளில் நேர்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. 2008-இல் 'லான்செட்' இதழில் வெளியான 'கிரியேட்' ஆய்வு, இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளில் 20,468 நோயாளிகளைப் பதிவுசெய்தது. அறிகுறி தொடங்கி மருத்துவமனையை அடைய அவர்கள் எடுத்துக்கொண்ட இடைநிலை நேரம் 360 நிமிடங்கள். நகர மருத்துவமனைகளிலேயே 6 மணி நேரம்! 'வாயுப் பிடிப்பு' என்ற சொல் நம் ஊர்களில் எத்தனை உயிர்களை வாங்கியிருக்கும் என்று கணக்கிட முடியாது. ஓமத் தண்ணீர், சோடா, தைலம், 'விடியட்டும் பார்க்கலாம்' என்ற சமாதானம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சைப் பிளக்கும் வலி இல்லாமல் வெறும் களைப்பும் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டுமே தோன்றக்கூடும் என்பதால் அவர்கள் இன்னும் தாமதமாக வருகிறார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் ஏழைகளில் 8.2 சதவீதம், செல்வந்தர்களில் 5.5 சதவீதம். ஏழைகளுக்குச் சிகிச்சை குறைவாகக் கிடைத்ததே இந்த வேறுபாட்டுக்குப் பெரிதும் காரணம்.

வீட்டைவிட்டுக் கிளம்பிய பின்னும் அலைச்சல் தீர்வதில்லை. சிற்றூர்க் கடைவீதியில் 'இதயநோய் சிறப்பு மருத்துவர்' என்ற பலகையைக் காணாதவர் இல்லை. அருகே சென்று வாசித்தால், ஞாயிறுதோறும், அல்லது மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் வருகை என்றிருக்கும். அந்த மருத்துவர்களின் வருகை பயனற்றது என்று சொல்லமாட்டேன். எக்கோ பார்க்கவும், மருந்தின் அளவைச் சீர்செய்யவும், நகரத்துக்குப் போக வேண்டியவர் யார், தேவையில்லாதவர் யார் என்று பிரிக்கவும் அது உதவும். ஆனால், செவ்வாய்க்கிழமை இரவு நெஞ்சுவலி வந்த குடும்பம் அந்தப் பலகையை நினைவில் வைத்து அந்தக் கட்டடத்துக்கு ஓடுகிறது. அங்கே பூட்டு, அடுத்த தனியார் மருத்துவமனையில் இசிஜி உண்டு, ஊசி இல்லை, மூன்றாவது இடத்தில் முன்பணம் கேட்கிறார்கள். ஒரு மணி நேரம் போய்விடுகிறது. தன்னிடம் கட்டி கரைக்கும் ஊசியும், நின்ற இதயத்தை மின்னதிர்வால் மீட்கும் டிஃபிப்ரிலேட்டரும் 24 மணி நேரமும் உண்டா இல்லையா என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் வாசலில் எழுதிவைக்க வேண்டும் என்று அரசு ஆணையிடலாம். சிறப்பு மருத்துவரின் பட்டங்களைவிட அந்த ஒரு வரி நோயாளிக்கு அதிகம் பயன்படும்.

பட்டம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இரண்டாண்டு இதயவியல் பட்டயப் படிப்பை இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. டி.எம். பட்டதாரிகள் எட்டாத ஊர்களுக்கு ஓரளவு பயிற்சி பெற்றவர்களை அனுப்பும் முயற்சி அது. அதன் அங்கீகாரம் குறித்து ஆண்டுக்கணக்கில் வாதங்கள் நடந்தனவே தவிர, அப்படிப் பயின்றவர்களை எங்கே, எந்த வரம்புக்குள் பயன்படுத்துவது என்பதில் தெளிவான கொள்கை உருவாகவில்லை. அரைகுறை நிபுணர்களை உருவாக்கக் கூடாது என்ற எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால், அந்த எதிர்ப்பைத் தெரிவித்தவர்களில் எத்தனை பேர் வால்பாறைக்கும் வேதாரண்யத்துக்கும் செல்ல ஆயத்தமாக இருந்தார்கள்?

இத்தனையும் சொன்ன பிறகு, 'நிபுணர் தேவையில்லை' என்பதை நிதித் துறை ஒரு சாக்காக எடுத்துக்கொள்ளும் அபாயம் இருக்கிறது. தொலைபேசிக் குரல் போதும் என்றால், அந்தக் குரலுக்குரியவர் 3 மணி நேரத் தொலைவில் அல்ல, ஒன்றரை மணி நேரத் தொலைவிலாவது இருக்க வேண்டும். 2022 ஜனவரியில் ராமநாதபுரம், நாகப்பட்டினம், அரியலூர், கள்ளக்குறிச்சி, நீலகிரி உள்பட 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. கட்டடங்கள் எழுந்துவிட்டன. அவை ஒவ்வொன்றிலும் இரவிலும் இயங்கும் கேத் லேப் அமைவதுதான், புதிதாக வட்ட மருத்துவமனைப் பணியிடங்களைத் தோற்றுவிப்பதைவிட முதன்மையானது. தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர் போன்ற மாவட்டங்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரியே இல்லை. அங்கே மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே அதற்கு வழி காண வேண்டும்.

ஆள்கள் எங்கிருந்து வருவார்கள்? அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு உயர் சிறப்புப் படிப்புகளில் 50 சதவீத இடங்களை ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2020-இல் ஆணையிட்டது. வழக்குகளால் தடைபட்ட அந்த ஒதுக்கீட்டை 2022 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அனுமதித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றி, அந்த மக்களை அறிந்த ஒருவரே இதய நிபுணராகித் திரும்ப இது வாய்ப்பளிக்கிறது. ஆனால், திரும்பி வருவதற்கு இடம் வேண்டும். இதயவியல் பணியிடங்கள் பெரும்பாலும் பழைய, பெரிய மருத்துவக் கல்லூரிகளிலேயே இருக்கும்வரை, ஒதுக்கீட்டில் படித்தவரும் பெருநகரத்துக்கே போவார். ஊதிய உயர்வு கோரி அரசு மருத்துவர்கள் 2019-இல் வேலைநிறுத்தம் செய்தது பலருக்கு மறந்திருக்கலாம். தனியார் மருத்துவமனை பல மடங்கு ஊதியம் தரும் துறையில், அந்தக் கோரிக்கையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே ராமநாதபுரத்துக்கு நிபுணரைத் தேடுவது பயன் தராது.

மாரடைப்பைத் தவிரவும் இதய நோய்கள் உண்டு. அவற்றில்தான் சிற்றூர் மக்கள் ஓசையின்றி அதிகம் அலைகிறார்கள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதடைந்த பெண்கள், 3 வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வாமைக்கு அஞ்சிப் பல இடங்களில் அதைப் போட மறுக்கிறார்கள். செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க நாள்தோறும் மாத்திரை உண்கிறார்கள். அளவு கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. அதைச் சரிபார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்காக மலையிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து நகரத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சில நிமிடங்களில் முடிவைச் சொல்லும் கையடக்கக் கருவிகள் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு ஊர் திரும்பியவர்களின் நிலையும் இதுதான். 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கு மத்திய அரசு விலை வரம்பு விதித்தது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் கழித்து மாத்திரை தீரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வலி இல்லை, வேலைக்குப் போகிறோம், இனி எதற்கு மாத்திரை என்று நிறுத்திவிடுகிறார்கள். பொருத்திய ஸ்டென்ட் மீண்டும் அடைபடுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து கொண்டுசெல்கிறார்கள். மருத்துவக் கல்லூரியிலிருந்து ஸ்டென்ட் பொருத்தி அனுப்பப்படும் ஒவ்வொருவரின் பெயரும் ஒரு வாரத்துக்குள் அவருடைய ஊர்த் தன்னார்வலரின் பட்டியலில் சேர்ந்துவிட வேண்டும். கேத் லேப்பின் வெளியேற்றச் சீட்டில் நோயாளியின் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரை எழுத ஒரு கட்டம் ஒதுக்கினால் அதைத் தொடங்கிவிடலாம்.